பொறிக்கு முந்தி

பஞ்சிகாவத்தையில் மழை என்றால்
தகரக் கூரையில் நூறு போல்ட் உருளும்.
அந்தச் சத்தத்துக்குள்தான்
மூன்றாவது பிஸ்டன் வெளியே வந்தது.

ரிங் உட்காரும் வரம்பு உடைந்திருந்தது,
கிரீம் கிராக்கரில் ஒரு கடி மாதிரி.
உடைந்த துண்டை நான் தேடவில்லை.
சிலிண்டர் சுவரில் அது கிழித்துப்போன கோடே
போன வழியைச் சொன்னது.

யசோதினி மிஸ் புதுக்கடை நீதிமன்றத்தில்
சாட்சிகள் சொல்வதை ஒரு சொல் விடாமல்
தட்டெழுதுகிறவர்.
குடையை மடக்காமலே நின்று சொன்னார்:
"ராஜகிரிய பாலம் ஏறேக்க ஒரு அடி.
கீழயிருந்து சுத்தியலால அடிச்ச மாதிரி.
ஒண்டே ஒண்டுதான்.
பிறகு சத்தமில்லை, வீட்ட போயிட்டன்."

ஒன்று போதும்.

சிலிண்டருக்குள் நேரே பெற்றோல் பீச்சும் எஞ்சின் இது.
பீச்சியதில் கொஞ்சம் சுவரில் படும்,
சுவரின் ஒயிலைக் கழுவும்,
இரண்டும் கலந்து ரிங்குக்கு மேலுள்ள இடுக்கில்
பதுங்கிக் கிடக்கும்.
ஒருநாள் ஒரு துளி தெறிக்கும்.
பிளக் இன்னும் கண் திறக்கவில்லை,
பிஸ்டன் இன்னும் ஏறி முடியவில்லை,
அதற்குள் பற்றிக்கொள்ளும்.
ஏறுகிறவனின் தலையில்
கதவை அறைந்து சாத்துகிற தீ.

"நான் வேகமா ஓடுறேல்லையே?"

அதுதான் மிஸ்.
மெதுவாகப் போனால் பத்திரம் என்று
எங்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு.
ஆயிரத்து இருநூறு சுற்றில் எஞ்சின் முனகும்போது
மேட்டில் காலை அழுத்தினால்
டர்போ காற்றைத் திணிக்கும்,
அமுக்கம் ஏறும், துளிக்கு அது போதும்.
கியரை எஸ்ஸில் போடுங்கள்.
கொஞ்சம் கத்தட்டும்.
கத்துகிற எஞ்சினை விட
முனகுகிறதுக்குத்தான் நான் பயம்.
தொண்ணூற்றைந்து அடியுங்கள்.
ஒயில்...

ஒயில் என்றதும் என் கண் கதவுத் தூணுக்குப் போனது.
அங்கே ஒரு ஒட்டுத்தாள்.
போன வருடத் திகதி. என் கையெழுத்து.

போன வருடம் கப்பல் வராத வருடம்.
ஃபாஸில் நானாவின் கடையில் மிஞ்சியிருந்தது
ஒரே ஒரு வகை டின்.
பழைய தரம், கல்சியம் கூடினது,
இந்த மாதிரி எஞ்சினில் அந்தத் துளியை
இன்னும் சீக்கிரம் கொளுத்தக்கூடியது.
டின்னின் பின்பக்கத்தை நான் வாசித்தேன்.
வாசித்துவிட்டுத்தான் ஊற்றினேன்.
ஐயாயிரத்தில் மாற்றவேண்டும் என்று எழுதப்போய்,
அடுத்த டின்னுக்கு எங்கே போவது என்று
பத்தாயிரம் என்று எழுதினேன்.
அவர் கேட்கவில்லை. நானே எழுதினேன்.

நகத்தால் ஒட்டுத்தாளின் ஒரு மூலை
சுரண்டியும் விட்டேன்.

"அதை ஏன் கழட்டுறீங்கள்?"

சொன்னேன்.
மழைக்கு மேலாகச் சொல்ல
கத்தவேண்டியிருந்தது.
அவர் குடையை மடக்கினார்.
"திரும்பச் சொல்லுங்கோ," என்றார்.
"ஆறுதலா."

திரும்பச் சொன்னேன், டின்னின் நிறம் உட்பட.
அவருடைய விரல்கள் பொனற்றின் ஈரத்தில்
சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தன.

ஒன்பதாம் நாள் வண்டி போனது.
புது பிஸ்டன், புது பிளக்,
சரியான ஒயில், கோட்டுக்கு ஒரு சொட்டும் மேலே இல்லாமல்.
கூலி நான் எழுதவில்லை.
பாதிக் கூலி வைத்துவிட்டுப் போனார்.
மற்றப் பாதி எதற்கு என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மருதானைப் பாலத்தில் அந்த எஞ்சின் கத்தியது
இங்கே வரைக்கும் கேட்டது.

கராஜைப் பூட்டாமல்
போன வருட பில் புத்தகத்தை எடுத்தேன்.
அதே டின், அதே மாதம்,
இன்னும் பதினாறு வண்டி.
ஒருவர் வத்தளை, ஒருவர் தெஹிவளை,
ஒருவர் கண்டிக்குக் கிழமைக்கு இருமுறை
கடுகண்ணாவை ஏறுகிறவர்.

அவரை முதலில் எடுத்தேன்.
மணி போகிறது.